துப்பாக்கி லைசென்ஸ் கேட்கும் முன்



எங்காவது ஒரு வியாபாரி வெட்டுப்பட்டார், கல்லாவைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள் என்று பேப்பரில் செய்தி வந்தால், அடுத்து நடக்கும் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "வியாபாரிகளுக்கெல்லாம் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்" என்று சொல்வார். உடனே கைதட்டல் எழும். மாமூல் கேட்டு வருகிறவன் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் அந்தக் கைதட்டலின் அர்த்தம் தெரியும். நாமும் ஒரு காலத்தில் பலமாகத் தட்டியவர்கள்தான். இப்போது தட்டுவதில்லை. ஏன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூட்டத்தில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, ஜி.எஸ்.டி. பற்றிப் பேசி முடிப்பதற்குள் டிபன் வந்துவிடுகிறது. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்த எங்கள் தகப்பனார் 1978-ல் முறைப்படி லைசென்ஸ் எடுத்து வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி. அந்த நாளில் கொள்முதல் எல்லாம் ரொக்கம்தான். விடியற்காலை மின்சார ரயிலில் மஞ்சள் பையில் பணத்தைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கொத்தவால் சாவடிக்குப் போக வேண்டும். தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருட்டினால் ஆள் நடமாட்டம் இராது. அப்பா பயந்ததில் தப்பில்லை.

ஆனால் கணக்கு என்று ஒன்று உண்டல்லவா? 1978 முதல் 2006 வரை இருபத்தெட்டு வருஷம் அது எங்களிடம் இருந்தது. ஒரு திருடனைக்கூட அது பார்க்கவில்லை. 1991-ல் குடோன் ஓட்டைப் பிரித்து இறங்கிச் சர்க்கரை விற்ற பணத்தை ஒருவன் எடுத்துப் போனான். அன்றைக்குத் துப்பாக்கி பத்திரமாக வீட்டில் இருந்தது. நாங்களும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தோம்.

அது ஒரே ஒரு தடவைதான் ஒரு மனிதனுக்கு நேராக நீட்டப்பட்டது. நீட்டியது எங்கள் மூத்த மகன். அப்போது அவனுக்கு ஏழு வயது.

1998 தீபாவளி. சீசன் வசூல் இரண்டு நாளாக வீட்டில் கிடந்தது, பேங்க் லீவு. முந்தின இரவு அப்பாவிடம் சொல்லாமல் நாமே குழலில் ஒரு தோட்டாவைப் போட்டு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சாத்தி வைத்தோம். காலையில் எண்ணெய்க் குளியல், பலகாரம், கடையில் கூட்டம். தோட்டா விஷயம் அடியோடு மறந்து போனது. பையன் கையில் ரோல் கேப் துப்பாக்கி. சுருள் தீர்ந்ததும் அதை எறிந்துவிட்டுப் பீரோ இடுக்கில் இருந்த பெரிய துப்பாக்கியை இழுத்து வந்திருக்கிறான். நாம் உள்ளே நுழைந்தபோது, முற்றத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்ற கடைப் பையனின் மார்புக்கு நேரே குழல் வாய் இருந்தது. அந்தப் பையன் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி நின்றான். அவனுக்கும் அது விளையாட்டு.

"அப்பா, இதுக்கும் கேப் போடணுமா? சத்தமே வர மாட்டேங்குது" என்றான் மகன்.

அந்தத் துப்பாக்கியில் குழலுக்குப் பின்னால் மேலே குதிரை என்று ஒன்று நிற்கும். அதைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால்தான் விசை வேலை செய்யும். ஏழு வயதுப் பையனுக்கு அதை இழுக்கப் பலம் போதவில்லை. விசையை மட்டும் அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறான். ஒன்பது வயதாக இருந்திருந்தால்? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. அந்தக் கடைப் பையன் இன்று கூடுவாஞ்சேரியில் சொந்தக் கடை வைத்து நன்றாக இருக்கிறார். வருஷா வருஷம் தீபாவளிக்கு வந்து போகிறார். அந்தக் குழலில் தோட்டா இருந்தது என்பதை அவரிடம் நாம் இதுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

எங்கள் குடோனுக்கு இரவுக் காவல் இருந்தவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் வீடு. அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். துப்பாக்கியைத் தரையைப் பார்க்கப் பிடித்து மடித்துத் திறந்தார். தோட்டா வெளியே வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, பட்டாளத்துல நான் இதை இப்படி வெச்சிருந்தா இந்நேரம் ஜெயில்ல இருந்திருப்பேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, லைசென்ஸ் கேட்கிற நண்பர்கள் அதை அவிழ்த்துக் காட்ட வேண்டும். நம் கடைகளில் நடக்கும் தாக்குதல் எப்படி நடக்கிறது? மாலை ஏழு மணி, கடையில் பத்துப் பேர், இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்குகிறான், அரை நிமிஷத்தில் காரியம் முடிகிறது. அந்த அரை நிமிஷத்தில் துப்பாக்கி உதவ வேண்டுமானால் அது தோட்டா போட்டபடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பூட்டி வைத்தால் உதவாது. கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் பிள்ளைக்கும் எட்டும். நம்மில் பாதிப் பேருக்குக் கீழே கடை, மேலே வீடு. பிள்ளைகள் பள்ளிவிட்டு நேரே கல்லாவுக்குத்தான் வருகிறார்கள், சாக்லேட் டப்பா எங்கே, சில்லறை எங்கே என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பீரோ சாவி காலண்டர் ஆணியில் தொங்குகிறதா, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறதா என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். எலி மருந்தைத் துவரம் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற நாம், இதில் மட்டும் எப்படி ஏமாந்து போகிறோமோ தெரியவில்லை.

நம் வீட்டில் நடக்காமல் போனது பிறர் வீட்டில் நடந்திருக்கிறது. 2007 டிசம்பரில் டில்லிக்குப் பக்கத்தில் குர்காவ்ன் நகரில், ஒரு தனியார் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து உடன் படித்த பதினான்கு வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பிஸ்டல் அவர்களில் ஒருவனுடைய தகப்பனாருடையது. அவர் நிலம் வாங்கி விற்கிறவர், நம்மைப் போல ஒரு தொழில்காரர். போலீசார் அவரையும் கைது செய்தார்கள். 2016-ல் பதான்கோட்டில் பதினைந்து வயதுப் பையன் தகப்பனாரின் ரிவால்வரைத் தலைக்கு நேரே பிடித்துச் செல்போனில் தன்னைப் படம் எடுத்தான், குண்டு பாய்ந்து இறந்தான். 2018 ஜனவரியில் ஹரியானா யமுனாநகரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளியின் தலைமையாசிரியை அம்மாவைச் சுட்டுக் கொன்றான். அதுவும் தகப்பனாரின் லைசென்ஸ் ரிவால்வர். 2024 ஜூலை 31-ந் தேதி பீகார் சுபௌல் மாவட்டத்தில் நர்சரி படிக்கும் ஐந்து வயதுக் குழந்தை புத்தகப் பையில் துப்பாக்கியைக் கொண்டுவந்து மூன்றாம் வகுப்புப் பையனைச் சுட்டது. குண்டு கையில் பட்டதால் அந்தப் பையன் பிழைத்தான். ஐந்து வயது! எங்கள் மகனுக்கு ஏழு வயதில் பலம் போதவில்லை என்று சொன்னோமே, எல்லாத் துப்பாக்கிக்கும் குதிரையை இழுக்க வேண்டியதில்லை.

"அதெல்லாம் வடக்கே. நம்ம ஊரில் அப்படி இல்லை" என்று சொல்லலாம். சென்னையிலேயே தீவுத்திடல் பக்கம், ராணுவ அதிகாரிகள் குடியிருப்பில் 2011 ஜூலை 3-ந் தேதி நடந்ததை மறந்துவிட்டோமா? பாதாம் கொட்டை பொறுக்கச் சுவரேறி உள்ளே போன பதின்மூன்று வயது ஏழைப் பையனை, ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவர் சுட்டார். பையன் இறந்து போனான். துப்பாக்கியைக் கூவத்தில் எறிந்தார், போலீசார் தேடி எடுத்தார்கள். 2012 ஏப்ரலில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயுதப் பயிற்சி இல்லாதவரா அவர்? வாழ்நாள் முழுக்க அதிலேயே இருந்தவர். ஒரு நிமிஷக் கோபத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கி இருந்தது, அவ்வளவுதான். நம் கடை வாசலில் சாக்கைப் பிளேடால் கிழித்து ஒரு கை முந்திரி அள்ளுகிற பையன்கள் மேல் நமக்கு வருகிற கோபம் எப்படிப்பட்டது என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கலாம்.

2021 டிசம்பர் 30-ந் தேதி புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கம் பயிற்சித் தளத்தில் சுட்ட குண்டு ஒன்று, வெகு தூரம் தாண்டித் தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினோரு வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. நான்கு நாள் கழித்து இறந்தான். அது வீட்டுத் துப்பாக்கி அல்ல, நம் விஷயத்தில் சேராது. ஆனால் "சும்மா மேலே பார்த்துத்தான் சுட்டேன்" என்று கல்யாணத்திலும் கோயில் கொடையிலும் பெருமை காட்டுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அப்படி அலட்சியமாகச் சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு துப்பாக்கி என்று சொல்வார்கள். அங்கே 2020 முதல் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், வாகன விபத்துகூட அதற்குப் பின்னால்தான். மிச்சிகன் மாகாணத்தில் 2021-ல் பதினைந்து வயதுப் பையன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி வாங்கிக் கொடுத்துப் பூட்டாமல் விட்டதற்காகத் தாய்க்கும் தகப்பனுக்கும் 2024-ல் குறைந்தது பத்து வருஷச் சிறை கொடுத்தார்கள்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி இருபத்தொரு வயதாகாதவர் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. முன்பு ஒருவர் மூன்று வைத்துக்கொள்ளலாம், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். லைசென்ஸ் காலம் மூன்று வருஷம் என்பது ஐந்தாகியிருக்கிறது. 2016 விதிகளின்படி பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் தர வேண்டும், பத்திரமாக வைப்பேன் என்று எழுதியும் தர வேண்டும். எழுதிக் கொடுத்த காகிதத்தை அதற்குப் பிறகு நம்மில் யார் எடுத்துப் பார்க்கிறோம்? அலட்சியத்தால் ஓர் உயிர் போனால் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. ஆனால் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு ஐந்து வருஷம் என்ன, ஐம்பது வருஷம் என்ன.

எங்கள் வீட்டில் நடந்த இன்னொரு தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2006-ல் அப்பா காலமானார். காரியங்கள் முடிந்தன, கடைக் கணக்கு, பேங்க் கணக்கு எல்லாம் பெயர் மாற்றினோம். துப்பாக்கி மட்டும் துணி சுற்றி பீரோவில் எட்டு மாதம் கிடந்தது. லைசென்ஸ் அப்பா பெயரில். அவர் போனதும் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை என்பதே தெரியாது. லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி ஆள் வந்தபோதுதான் தெரிந்தது. சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் போனாலும், தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் பொருள் பறிபோய்விடும் என்று பயப்பட வேண்டாம். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம், அல்லது சட்டப்படி விற்றுப் பணம் பெறலாம். நாங்கள் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். பிறகு ஆயுத வியாபாரி ஒருவருக்கு விற்றோம். வந்த தொகை ஒரு மூட்டை மிளகாய் வற்றலுக்குக் காணாது. ஆனால் அன்று ராத்திரி எங்கள் வீட்டுப் பெண்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். எட்டு வருஷமாக அவர்கள் தூங்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பழைய வீடுகளிலும், தெற்கே நம் சொந்த ஊர் வீடுகளிலும் தாத்தா துப்பாக்கி என்று பரண்மேல் ஒன்று கிடந்தால், தயவுசெய்து இந்த வாரமே பார்த்து ஒப்படையுங்கள். "துருப்பிடித்துப் போச்சு, சுடாது" என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. பிள்ளைகளை அனுப்பி எடுத்துவரச் சொல்லவும் கூடாது.

சரி, விட முடியாது, எனக்கு அவசியம் வேண்டும் என்கிறவர்களும் இருப்பார்கள். நகைக் கடைக்காரர்களுக்கும், தனித் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கும் காரணம் இருக்கலாம். அவர்களுக்கு அந்த ஹவில்தார் எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததைச் சொல்கிறோம். கையில் எடுத்ததும், காலி என்று யார் சொன்னாலும் நம்பாமல், குழல் வாயைத் தரைக்குக் காட்டித் திறந்து பார்க்க வேண்டும். வீட்டுக்குள் எந்தக் காரணத்துக்கும் தோட்டா குழலில் இருக்கக் கூடாது. மடிக்கும் ரகமானால் குழல், முன்கட்டை, பின்கட்டை என்று கழற்றி இரும்புப் பீரோவில் பூட்டி வைக்கலாம். தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில் இருக்க வேண்டும். இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவிக்கொத்து என்றால் இரண்டு பூட்டு போட்டதற்கு அர்த்தமில்லை. சாவி லைசென்ஸ்தாரர் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. ஒளித்து வைப்பதும் பூட்டி வைப்பதும் ஒன்றல்ல, தலையணைக்கு அடியிலும் துணி அடுக்குக்குப் பின்னாலும் பிள்ளைகள்தான் முதலில் தேடுவார்கள். பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லவும் வேண்டும்: நம் வீடோ சிநேகிதன் வீடோ, துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அங்கே நிற்காதே, பெரியவர்களிடம் வந்து சொல். சொல்லிவிட்டோம் என்பதற்காகப் பூட்டாமல் இருக்கக் கூடாது. எங்கள் மகனுக்கும் சொல்லித்தான் இருந்தோம்.

குடோனில் புறா விரட்ட ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். குறிப்பிட்ட சக்திக்கு உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அது விளையாட்டுச் சாமானாகிவிடாது. ஒரு ஈயக் குண்டு ஒரு கண்ணுக்குப் போதும். தீபாவளிக்கு நாம் விற்கும் கேப் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால், அது பிழைப்பு, விற்கத்தான் வேண்டும். ஆனால் நிஜத் துப்பாக்கி போலவே செய்து வருகிறதே, அந்தச் சரக்கையும், பிளாஸ்டிக் குண்டு தெறிக்கும் சரக்கையும் எங்கள் மண்டியில் இறக்குவதை நிறுத்திவிட்டோம். லாபம் கொஞ்சம் குறைந்தது, ஒன்றும் முழுகிப் போகவில்லை.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, அதையும் யோசித்துப் பாருங்கள். 2024 பாராளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16-ல் தேதி அறிவித்து, ஜூன் 4-ல்தான் எண்ணினார்கள். ஏறக்குறைய எண்பது நாள். அந்த எண்பது நாளில் நம் கல்லாவில் கை வைத்தது திருடனா, ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கத்துக்குக் கணக்குக் கேட்ட பறக்கும் படையா? துப்பாக்கி இல்லாததால் கொள்ளை போனது என்று எந்த அண்ணாச்சியும் நம்மிடம் வந்து சொல்லவில்லை. ரொக்கமே இப்போது குறைந்துவிட்டது. ஐந்து ரூபாய் தீப்பெட்டிக்கும் செல்போனில் அனுப்புகிறார்கள், பெட்டி சத்தம் போட்டு வரவு சொல்கிறது. மீதி ரொக்கத்தைத் தினமும் கட்டிவிட்டு, ஷட்டருக்கு நடுப்பூட்டும் அலாரமும் போட்டு, கேமராவை வேலை செய்கிற நிலையில் வைத்து, கடைக்குத் திருட்டு இன்சூரன்சும், பணம் எடுத்துப் போகும் வழிக்கான இன்சூரன்சும் எடுத்தால் அதற்கு ஆகும் செலவு துப்பாக்கிச் செலவைவிட அதிகமில்லை. ரவுடித் தொல்லைக்கு இரவு ரோந்து அதிகம் வேண்டும், கொடுத்த புகாருக்கு நடவடிக்கை வேண்டும். 2022-ல் தாம்பரத்துக்கென்றே போலீஸ் கமிஷனர் அலுவலகம் வந்தாகிவிட்டது. அங்கே சங்கம் சேர்ந்து போய் நிற்பதுதான் நம் பலம்.

அடுத்த பொதுக்குழுவில் துப்பாக்கி லைசென்ஸ் தீர்மானம் வந்தால் நாம் எழுந்து எதிர்த்துப் பேசுவோம். செயலாளர் அவர்கள் தயவுசெய்து டிபனுக்கு முன்னால் நேரம் ஒதுக்கித் தர வேண்டும். அன்றைக்கு எங்கள் மகனையும் அழைத்து வருகிறோம், அவனுக்கு இப்போது ஏழு வயதில் ஒரு பையன் இருக்கிறான். இறந்த உறவினர் பெயரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து பேசலாம். யாரிடமும் சொல்ல மாட்டோம், எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஸ்டேஷனுக்கும் கூடவே வருகிறோம்.